ஆறாத ரணமும் அளந்தறியும் சாஸ்திரமும்

நமது தேசத்தில் நீரிழிவு நோயால் பீடிக்கப்பட்டோர் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் மாகாணந்தோறும் எடுக்கப்பட்ட பெரியதொரு கணக்கு 2023ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. அதன்படி 10 கோடியே 10 லட்சம் பேர் இந்நோயை உடையவர். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் இதன் வாயிற்படியில் நிற்பவர். தேசம் முழுவதிலும் வயது வந்தோரில் 100க்கு 11.4 பேர் என்றால், தமிழ்நாட்டில் 100க்கு 14.4 பேர். இது செல்வர் வியாதி, சோம்பேறிகளின் வியாதி என்று பேசிய காலம் மலையேறிவிட்டது. மூட்டை சுமப்பவனும், தறி நெய்பவனும், வயலில் நாற்று நடுபவளும் இன்று இந்நோய்க்கு இலக்காகி நிற்கின்றனர்.

இந்நோயின் கொடுமைகள் பல. அவற்றுள் ஒன்றைக் குறித்தே நாம் இன்று எழுதப் புகுந்தோம். அது காலில் உண்டாகும் ஆறாத ரணம். நீரிழிவுடையோர் 100 பேரில் 19 முதல் 34 பேர் வரை தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் கால்புண்ணுக்கு ஆளாகின்றனர் என்று வைத்திய ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். அதில் மிகக் குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், நமது தேசத்தில் ஏறக்குறைய 2 கோடி மக்கள் இத்துன்பத்தை அனுபவித்தே தீரவேண்டும் என்று ஏற்படுகிறது. ஒரு முறை ஆறினாலும் நிம்மதியில்லை. ஆறியவருள் 100க்கு 40 பேருக்கு ஓராண்டுக்குள்ளாகவே மறுபடியும் புண் தோன்றுகிறது. புண் முற்றினால் விரல் போகும். பிறகு பாதம் போகும். பிறகு முழங்காலுக்குக் கீழே போகும். கூலி வேலை செய்து பிழைப்பவனுக்குக் கால் போயிற்றென்றால் குடும்பத்தின் சோறு போயிற்று என்றே பொருள். பெண் குழந்தையின் படிப்பு நின்றது. வீட்டுப் பத்திரம் அடகுக்குச் சென்றது. இந்தச் சங்கிலியை அறியாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

இப்புண் ஏன் ஆறுவதில்லை? நேயர்கள் இதை நன்கு மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். ஏனெனில் நாம் மேலே சொல்லப்போகும் வாதம் முழுவதும் இதன்மேல் நிற்பது. நீண்ட நாள் சர்க்கரை மிகுந்த இரத்தத்தால் காலின் நரம்புகள் உணர்ச்சியற்றுப் போகின்றன. முள் தைத்தாலும், செருப்புக் கடித்தாலும், உச்சி வேளையில் கோயிற் பிரகாரத்துக் கல் சுட்டாலும் அக்காலுக்குத் தெரிவதில்லை. வலி என்பது உடம்பின் காவற்காரன். காவற்காரன் உறங்கிய வீட்டில் மனிதன் தன் புண்ணின் மேலேயே நடந்து திரிகிறான். இது ஒன்று. இரத்தக் குழாய்கள் குறுகிச் சதைக்கு வேண்டிய இரத்தம் செல்வதில்லை, இது இரண்டு. கிருமிகள் புண்ணில் புகுந்து, மருந்துக்கு எளிதில் அசையாத படலமாய்ப் படிந்துவிடுகின்றன, இது மூன்று. சாதாரணப் புண்ணில் சில நாட்களில் தணியவேண்டிய அழற்சி இங்கே தணியாமல், சதையைக் கரைக்கும் பொருள்கள் மிகுந்து, புதிதாக முளைக்கும் சதையையும் அழித்துவிடுகின்றன, இது நான்கு. இவற்றோடு உடலில் சர்க்கரையின் அளவு, உணவு, புகையிலை, மனிதன் ஓய்ந்திருக்க முடியாத வறுமை ஆகிய யாவும் சேர்கின்றன. ஆகவே நமது பகைவன் ஒருவனல்லன். ஒருவர்க்கொருவர் கைகொடுத்து நிற்கும் ஒரு கூட்டம்.

கூட்டமாக வரும் பகைவனை ஒவ்வொருவனாகப் பிரித்து ஆராய்வதே இதுவரை பெரும்பாலும் நமது வழக்கமாயிருந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஒரு களிம்பில் நம்பிக்கை வைக்கிறார்; மற்றொருவர் ஒரு கட்டுத்துணியில்; மூன்றாமவர் தம் ஆசிரியர் செய்ததையே செய்கிறார். விலையுயர்ந்த கட்டுச் சாமான்களைக் கம்பெனியின் பிரதிநிதி பையில் கொண்டுவந்து, வர்ணப் படங்களைக் காட்டிவிட்டுப் போகிறார். ஆறின புண்கள் யாவும் மருந்தின் பெருமையாகின்றன. ஆறாதவை யாவும் நோயாளியின் தலைவிதியாகின்றன. நியாயஸ்தலத்தில் ஒரு தரப்புச் சாட்சியை மாத்திரம் விசாரித்து, குறுக்கு விசாரணையின்றித் தீர்ப்பெழுதும் நியாயாதிபதியை நாம் என்ன சொல்வோம்? ஆனால் ஒரு மனிதனுடைய காலைப் பற்றிய வழக்கில் அவ்விதத் தீர்ப்பே நாள்தோறும் எழுதப்பட்டு வருகிறது.

இதற்கு மாற்று இருக்கிறது. அது புதிதன்று, நூறாண்டு வயதுடையது. இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் என்னுமிடத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் வேலைக்கமர்ந்த ரொனால்டு ஃபிஷர் என்ற கணித அறிஞர், எரு, விதை, நீர், மண் ஆகியவற்றின் பலனை எவ்வாறு பிரித்தறிவது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரு வயலில் ஒரு மூலை செழிப்பாயும் மற்றொரு மூலை வறட்சியாயும் இருக்கும். செழித்த மூலையில் புது எருவைப் போட்டுவிட்டு, விளைச்சலைக் கண்டு எருவைப் புகழ்ந்தால் அது மூடத்தனம் அன்றோ? ஃபிஷர் மூன்று விதிகளை ஏற்படுத்தினார். நிலத்தை ஒரே தன்மையான பாத்திகளாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் எந்தத் துண்டுக்கு எந்த எரு என்பதை மனிதன் தீர்மானிக்கக்கூடாது. திருவுளச் சீட்டுப் போட்டே தீர்மானிக்கவேண்டும். ஒரு முறை கண்டதை நம்பாமல், பல துண்டுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கவேண்டும். 1935இல் அவர் வெளியிட்ட ‘பரீட்சைகளின் அமைப்பு’ பற்றிய நூல் இச்சாஸ்திரத்துக்கு மூலநூலாயிற்று.

இவற்றினும் முக்கியமானது அவர் காட்டிய நான்காவது வழி. ஒரு சமயத்தில் ஒரே ஓர் அம்சத்தைத்தான் மாற்றிப் பார்க்கவேண்டும் என்று அதுவரை பள்ளிகளில் கற்பித்து வந்தனர். ஃபிஷர் அதை மறுத்தார். பல அம்சங்களையும் ஒரே பரீட்சையில், எல்லாச் சேர்க்கைகளிலும் மாற்றிப் பாருங்கள். இயற்கைத் தாயிடம் ஒற்றைக் கேள்வி கேட்டால் அவள் பல சமயம் வாய் திறப்பதில்லை என்ற கருத்துப்பட 1926லேயே எழுதினார்.

இதன் பொருளை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். சதையை வளர்க்கும் மருந்து ஒன்று. சதையைக் கரைக்கும் பொருளை அடக்கும் மருந்து ஒன்று. ஆக இரண்டு உள்ளன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இல்லாமல் 100 புண்களில் 30 ஆறுகின்றன. முதல் மருந்தை மட்டும் போட்டால் 32. இரண்டாவதை மட்டும் போட்டால் 33. ஒவ்வொன்றாகப் பார்ப்பவர் என்ன செய்வார்? இரண்டும் பயனற்றவை என்று குப்பையில் எறிந்துவிடுவார். ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் 60 புண்கள் ஆறுகின்றன என்றால்? முதல் மருந்து வளர்த்த சதையை அழிக்கும் பகைவனை இரண்டாவது மருந்து தடுத்து நிறுத்தியது. அதனால் பயன் விளைந்தது. இந்தக் கூட்டு விளைவைச் சேர்த்துப் பார்த்தாலன்றி எவராலும் காண முடியாது. எத்தனை நல்ல மருந்துகள் இவ்வாறு தனியே நின்றமையால் தோற்றவையாக ஒதுக்கப்பட்டனவோ யார் அறிவர்?

அம்சங்கள் பெருகினால் சேர்க்கைகளும் பெருகும் என்பது உண்மையே. ஏழு அம்சங்களை, ஒவ்வொன்றையும் இரண்டு அளவுகளில் பார்க்க 128 சேர்க்கைகள் வேண்டும். இங்கேதான் கணிதத்தின் சாமர்த்தியம் விளங்குகிறது. அந்த 128இல் முறைப்படி தேர்ந்தெடுத்த 16ஐ மட்டும் செய்து பார்த்தே எந்த அம்சங்கள் முக்கியமானவை என்று முதற்சலிப்பில் அறிந்துவிடலாம். 1946இல் பிளாக்கெட், பர்மன் என்ற இருவர் 11 அம்சங்களை 12 பரீட்சைகளில் சலிக்கும் வழியை வெளியிட்டனர். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. சுருக்கிய பரீட்சையில் சில கூட்டு விளைவுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பிரித்தறிய முடியாமற் போகும். ஆகையால் முதற்சலிப்பில் தேறிய இரண்டு மூன்று அம்சங்களை மட்டும் எடுத்து, இரண்டாவது பரீட்சையில் முழுமையாக ஆராய்ந்து, தக்க அளவைக் காணவேண்டும். ரணத்தின் மேல் வைக்கும் புதிய பசைகள், கட்டுகள் முதலியவற்றின் பக்குவத்தை ஆராய்ச்சிச்சாலையில் கண்டறிவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. பணம் மிகுந்த தேசங்கள் வீண் செலவு செய்யலாம். நமக்கு அது கட்டாது.

அளவு என்பது எத்துணை முக்கியம் என்பதற்கு உண்மைச் சான்று ஒன்று உண்டு. பெகாப்ளெர்மின் என்னும் வளர்ச்சி மருந்து 1997இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 1998இல் வெளியான 382 நோயாளிகளின் பரீட்சையில், ஒரு கிராம் களிம்புக்கு 100 மைக்ரோகிராம் மருந்து கலந்தபோது 20 வாரங்களில் 100க்கு 50 பேருக்குப் புண் மூடிற்று. மருந்தில்லாத களிம்பில் 35 பேருக்கு. அதே மருந்தை 30 மைக்ரோகிராம் மட்டும் கலந்தபோது பயன் ஏறக்குறைய வெறுங்களிம்பின் அளவிலேயே நின்றது. 30 மைக்ரோகிராமை மட்டும் பரீட்சித்திருந்தால் மருந்தே செத்திருக்கும்.

இச்சாஸ்திரம் அந்நியருடையது, அவர்கள் செய்து தரட்டும் என்று சும்மாயிருப்பதற்கு நமக்கு எவ்வித நியாயமும் இல்லை. உலகத்தில் இது வேரூன்றித் தழைத்த இடங்களுள் பாரத பூமி முதல் வரிசையில் நிற்பது. மகலனோபிஸ் 1931 டிசம்பர் 17ந் தேதி கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனத்தை நிறுவினார். ஃபிஷர் 1937-38இல் அங்கு வந்து தங்கிச் சென்றார். ராஜ் சந்திர போஸ் 1939இல் பாத்திகளைச் சமன்செய்து அமைக்கும் கணித முறைகளை வகுத்தார். சி. ஆர். ராவ் 1947இல் வெளியிட்ட அணிவரிசைக் கோட்பாடு, சுருங்கிய பரீட்சைகளால் பெரிய உண்மைகளைக் காணும் கலைக்கு ஆணிவேராயிற்று. ஜப்பானிய எஞ்சினீயர் டகுச்சி 1954-55இல் அதே ஸ்தாபனத்துக்கு வந்திருந்தார். பின்னர் அவர் பரப்பிய பரீட்சை முறைகள் இவ்வகை அணிவரிசைகளையே கருவியாகக் கொண்டவை. அவற்றைக் கையாண்டு ஜப்பானியத் தொழிற்சாலைகள் தம் சரக்கின் தரத்தை உயர்த்திக்கொண்டன. நாமோ அந்தச் சரக்கை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். வீட்டில் விளைந்த நெல்லை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, அரிசிக்குக் கையேந்தும் கதை இதுதான்.

கால்புண் விஷயத்திலும் நமது மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, குஷ்டரோகிகளின் பாதம் அழிவது நோயினாலேயே நேர்வதன்று. வலியுணர்ச்சி போனபின் ஓயாமல் அழுத்தம் விழுவதால் நேர்வது என்பதைக் கண்டு வற்புறுத்தினார். அழுத்தத்தை எடுத்துவிட்டால் ஆறாது என்று கைவிட்ட புண்ணும் ஆறிற்று. அவர் பின்னர் அமெரிக்கா சென்று அதே பாடத்தை நீரிழிவுக்காரர்களின் பாதத்துக்குக் கற்பித்தார். அவ்வுண்மையைத் திருவுளச் சீட்டு முறையில் 2001இல் அங்கே 63 பேரிடம் பரீட்சித்தனர். காலோடு ஒட்டிய மாக்கட்டுப் போட்டவர்களில் 12 வாரத்தில் 100க்கு 89.5 பேருக்குப் புண் ஆறிற்று. கழற்றி மாட்டும் காலணி தரித்தோரில் 65 பேருக்கு. பாதிச் செருப்பு அணிந்தோரில் 58.3 பேருக்கு. கழற்றக்கூடிய காலணி ஏன் தோற்றது? 2003இல் வெளியான ஆராய்ச்சி அதற்கு விடை தந்தது: அவ்வித நோயாளிகள் தம் அன்றாட நடமாட்டத்தில் 100க்கு 28 பங்கு நேரந்தான் அதை அணிந்திருந்தனர்! வலியில்லாத காலுக்குக் காலணி ஒரு பாரமாகவே தோன்றும்.

இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நோயாளி புண்ணின் மேல் நடந்துகொண்டே இருக்கும்போது ஓர் அருமையான புதுக் கட்டுத்துணியைப் பரீட்சித்தால் அது தோற்கும். குற்றம் கட்டுத்துணியினதா, காலணியினதா? ஒவ்வொன்றாகப் பார்ப்பவருக்கு இதன் விடை தெரியவே தெரியாது. புதுக் கட்டுகளில் உண்மையாகவே பயனுள்ளவை உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் என்னும் பொருள் தோய்ந்த கட்டைப் பிரான்ஸ் முதலிய ஐந்து தேசங்களில் 43 ஆஸ்பத்திரிகளில் 240 பேரிடம், வைத்தியரும் நோயாளியும் அறியாதபடி பரீட்சித்து 2018இல் வெளியிட்டனர்; 20 வாரங்களில் 100க்கு 48 பேருக்குப் புண் மூடிற்று, சாதாரணக் கட்டில் 30 பேருக்கு. இத்தகைய சான்று இருந்தால் விலை கொடுப்பதில் அர்த்தமுண்டு. சான்றில்லாமல் விலை கொடுப்பது பிச்சைக்காரனின் பையிலிருந்து திருடுவதாகும்.

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் நமது அன்பர்களிற் பலருக்குக் கோபம் வருகிறது. “எங்கள் ஏழைகள் என்ன எலிகளா? சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடப்பவனிடம் சீட்டுக் குலுக்கி வைத்தியம் பார்ப்பதா?” என்று அவர்கள் கேட்பார்கள். இக்கேள்வி நியாயமானது, இதை அலட்சியம் செய்பவர் தேசாபிமானி ஆகார். அந்நியக் கம்பெனிகள் நமது ஏழைகளின் உடம்பை மலிவான ஆராய்ச்சிச்சாலையாக எண்ணிய துண்டு. அதை எதிர்த்தவர்கள் செய்தது தர்மமே. அதற்கு நமது விடை இது. இன்றும் அந்த ஏழையிடம் பரீட்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு வார்டில் ஒரு களிம்பு, அடுத்த வார்டில் மற்றொரு களிம்பு. எழுதிவைப்பார் இல்லை, எண்ணிப் பார்ப்பார் இல்லை, அவனிடம் சம்மதம் கேட்பாரும் இல்லை. அவன் கால் போனபின் அதனால் அடுத்தவனுக்கு ஒரு பாடமும் கிடைப்பதில்லை. சட்டத்துக்கும் தர்மத்துக்கும் உட்பட்ட பரீட்சையை நாம் வேண்டுவது, இந்தக் கணக்கில்லாத பரீட்சையிலிருந்து அவனை மீட்பதற்காகவே.

இதற்கு முன்னுதாரணம் நமது பட்டணத்திலேயே உண்டு. 1956இல் சென்னையில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் தோன்றிற்று. அப்போது உலகத்தோர் கொண்டிருந்த கொள்கை, க்ஷயரோகி சானடோரியத்தில் படுக்கையில் கிடந்து, நல்ல உணவும் ஓய்வும் பெற்றாலன்றிப் பிழையான் என்பது. ஆனால் நமது லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே? சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைத் திருவுளச் சீட்டு முறையில் பிரித்து, ஒரு பகுதியாரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியாரை அவரவர் குடிசையிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. குறைந்த உணவோடும் குறைந்த ஓய்வோடும் குடிசையில் இருந்தவர், சானடோரியத்தில் இருந்தவருக்கு ஏறக்குறைய இணையாகவே குணமடைந்தனர். வீட்டிலிருந்தவரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவுமில்லை. உலகமெங்கும் க்ஷயரோக சிகிச்சையின் போக்கையே இச்சென்னைப் பரீட்சை மாற்றிவிட்டது. அதனால் முதலில் நன்மை பெற்றவர் யார்? ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைக்காத ஏழையே. சீட்டுக் குலுக்கியது ஏழையை அவமதிக்கவில்லை. அவனுக்கு விடுதலை அளித்தது.

அச்சென்னையே கால்புண் விஷயத்திலும் வழிகாட்டவேண்டும் என்பது நமது கோரிக்கை. அதன் அமைப்பு எவ்வாறிருக்கலாம் என்பதை ஒருவாறு கூறுவோம். இரத்த ஓட்டம் போதியதாயும் கிருமித் தொற்று அடங்கியதாயும் உள்ள உள்ளங்கால் புண்ணையுடையோர் 400 பேரைப் பல ஜில்லா ஆஸ்பத்திரிகளிலிருந்து, அவர் முழுச் சம்மதத்தோடு சேர்ப்பதாகக் கொள்வோம். சுத்தம் செய்தல், சர்க்கரையை அடக்குதல், அழுத்தத்தை நீக்குதல் ஆகிய மூன்றும் ஒருவர் தவறாமல் எல்லாருக்கும் உண்டு. நிரூபணமான நன்மையை எவருக்கும் சீட்டுப் போட்டு மறுத்தலாகாது. இன்னும் நிச்சயமாகாத விஷயங்களுக்கே சீட்டு. மாக்கட்டா, கழற்ற முடியாதபடி கட்டிவைத்த காலணியா? உப்புநீர் நனைத்த சாதாரணக் கட்டா, புதுக் கட்டா? வாரந்தோறும் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவதா, நர்ஸ் அவர் வீட்டுக்குச் செல்வதா? இம்மூன்று கேள்விகளிலிருந்து எட்டுச் சேர்க்கைகள் பிறக்கும். ஒவ்வொன்றிலும் 50 பேர். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் விடை காணும்போது 400 பேருமே சாட்சி சொல்வர்: 200 பேர் ஒரு பக்கம், 200 பேர் மறு பக்கம். மூன்று தனித்தனிப் பரீட்சைகளாக நடத்தினால் அதே உறுதிக்கு 1,200 பேர் வேண்டும்.

இது வெறுங்கனவன்று. மாரடைப்பு விஷயத்தில் 1988இல் வெளியான ஐசிஸ்-2 என்ற பெரும் பரீட்சை 17,187 நோயாளிகளை இவ்வாறே நான்கு சேர்க்கைகளாகப் பிரித்தது. இரத்தக்கட்டைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், காலணா மாத்திரையாகிய ஆஸ்பிரின் ஆகிய இரண்டுமில்லாதவரில் 100க்கு 13.2 பேர் ஐந்து வாரங்களில் இருதய, இரத்தக் குழாய்க் கோளாற்றால் மாண்டனர். இரண்டும் பெற்றவரில் 8 பேரே மாண்டனர். ஒரே பரீட்சையில் இரண்டு கேள்விகளுக்கும் விடை. அத்துடன் இரண்டும் சேர்ந்தால் நன்மை கூடும் என்ற மூன்றாவது விடையும் கிடைத்தது.

புண்ணுக்கும் புண்ணுக்கும் உள்ள வேற்றுமையை மறைக்கவேண்டியதில்லை. செழித்த நிலம், வறண்ட நிலம் என்று ஃபிஷர் பாத்தி பிரித்ததுபோல, சிறு புண், பெரும் புண், ஒரு மாதத்துப் புண், ஓராண்டுப் புண் என்று வகுத்து, ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் சீட்டுப் போடவேண்டும். ஒருவர் காலில் மூன்று புண்கள் இருந்தால் அவரை மூன்று சாட்சிகளாக எண்ணுவது பொய்க்கணக்கு. வாரந்தோறும் கண்ணாடித் தாளில் புண்ணின் எல்லையை வரைந்து அளக்கவேண்டும். அளப்பவருக்கு நோயாளி எந்தச் சேர்க்கையைச் சேர்ந்தவர் என்பது தெரியக்கூடாது. 2003இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றின்படி, நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு ஏறக்குறையப் பாதிக்கு மேல் சுருங்கியவரில் 12 வாரத்தில் 100க்கு 58 பேருக்கு ஆறிற்று. அவ்வாறு சுருங்காதவரில் 9 பேருக்கே ஆறிற்று. ஒரு தாளும் ஒரு பேனாவும் நான்கு வாரத்தில் இவ்வளவு சொல்லுமானால், அதைச் செய்யாத ஆஸ்பத்திரிக்கு என்ன சமாதானம் உண்டு? கூட்டு விளைவுகளைத் திட்டமாக அறிய 400 பேர் போதார், பன்மடங்கு வேண்டும் என்று புள்ளிவிவர அறிஞர் எச்சரிப்பர், உண்மையே. ஆனால் 10 கோடி நோயாளிகள் உள்ள தேசத்தில் ஆயிரக்கணக்கானவரைச் சேர்ப்பது அசாத்தியமா?

சட்டத்தின் காவலும் நமக்கு உண்டு. வைத்தியப் பரீட்சைகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடு 2007இல் ஏற்பட்டது; 2009 ஜூன் முதல் மருந்துப் பரீட்சைகளுக்குப் பதிவு கட்டாயமாயிற்று. 2019இல் புதிய மருந்துகள், பரீட்சைகள் பற்றிய விதிகள் வந்தன. நோயாளியின் சம்மதம், தர்மக் கமிட்டி, தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு ஆகியவை அவற்றில் அடங்கும். சம்மதப் பத்திரம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்கவேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சியின் முன்னிலையில் படித்துச் சொல்லவேண்டும். மறுத்தால் அவருடைய சாதாரண சிகிச்சைக்கு எள்ளளவும் குறை நேரக்கூடாது. பரீட்சை முடிவு எதுவாயினும், கம்பெனிக்கு லாபமோ நஷ்டமோ, அது வெளியாகியே தீரவேண்டும். பரீட்சையில் தேறிய சிகிச்சை, அதில் கலந்துகொண்ட ஜில்லாக்களின் ஆஸ்பத்திரிகளில் முதலில் இலவசமாகக் கிடைக்கவேண்டும். இந்நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் நாமே அதை எதிர்த்து எழுதுவோம்.

சர்க்காருக்கு ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டு 5ந் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் நீரிழிவு மாத்திரைகள் வீடு தேடிச் செல்கின்றன. மாத்திரை கொண்டுசெல்பவர் செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதங்களையும் பார்த்து ஒரு வரி எழுதிவைத்தால், தேசத்தில் எங்குமில்லாத ஒரு பாதக்கணக்கு நமக்குக் கிடைக்கும். வைத்தியக் கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை: உங்களிடம் நோயாளிகள் உளர், கைகள் உள, கணிதம் அறிந்த ஒருவரைப் பரீட்சை முடிந்தபின் கணக்குப் போட அழைக்காமல், தொடங்குமுன் திட்டம் போட அழையுங்கள். விதைத்த பிறகு உழவனிடம் யோசனை கேட்பவர் உண்டோ?

இறுதியாக, நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நீரிழிவை அடியோடு போக்குவதாகவும், அறுக்க வேண்டிய காலை அறுக்காமல் காப்பதாகவும் கூறும் மருந்து விளம்பரங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் இடம்பெற்று வந்திருக்கின்றன. 1954ஆம் வருஷத்து ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டம் நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுத்திருக்கிறது. சட்டமறிந்த நாமும் அவ்வித விளம்பரங்களைச் சொல் மாற்றி வந்தபோது கூர்ந்து நோக்காமல் ஏற்றதுண்டு. ஒரு நேயர் தம் தகப்பனாருக்கு அவ்விளம்பரத்தைக் கண்டு மருந்து வாங்கி, ஆறு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காத்திருந்து, பிறகு முழங்காலோடு இழந்த செய்தியை நமக்கு எழுதியிருந்தார். அவர் நம்மை வையவில்லை; விஷயத்தை மட்டும் தெரிவித்திருந்தார். அக்கடிதத்துக்கு நம்மிடம் சமாதானம் இல்லை. இன்று முதல் நீரிழிவுக்கும் ரணத்துக்கும் மருந்தென்று வரும் எந்த விளம்பரமும், என்ன பெயரில் வந்தாலும், எத்தனை ரூபாய் கொடுத்தாலும், இப்பத்திரிகையில் வெளிவராது. சர்க்காரிடமும் டாக்டர்களிடமும் சான்று கேட்கப் புறப்பட்ட நாம், நமது பத்திகளில் சான்றில்லாததை விற்றுக்கொண்டிருத்தல் ஆகாது.

சுயராஜ்யம் என்பது கொடி மாறுவதோடு முடிவதன்று. நமது நோயை நாமே அளந்து, நமது சிகிச்சையை நாமே சோதித்து, மெய்யென்று கண்டதைக் குடிசைவரை கொண்டுசேர்ப்பதும் சுயராஜ்யமே. அறிவு நம்மிடம் இருக்கிறது, ஸ்தாபனங்கள் இருக்கின்றன, சென்னை 1959லேயே வழியும் காட்டியிருக்கிறது. நமது தேசபக்தர்கள் அடுத்த முறை ஜில்லா ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது, ரணம் கட்டும் அறையின் வாயிலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “இங்கே சென்ற மாதம் வந்த புண்கள் எத்தனை, அவற்றுள் எவை எந்தச் சிகிச்சையால் ஆறின?” விடை சொல்லும் நோட்டுப் புத்தகம் அந்த அறையில் இருக்கும்வரை இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டேயிருப்பது நம் எல்லாருடைய கடமை.